நாலு இஞ்ச் உசந்த ஹேண்டில்பார்

"வேம்பு, இந்த வண்டி நெயில் பாலிஷ் போட்டிருக்கு, பாத்தியா?"

செல்வநாதன் சார் இதைக் கேட்டப்ப நான் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல புங்கமரத்து நிழல்ல நின்னு இடுப்பைப் பிடிச்சு விட்டுக்கிட்டு இருந்தேன். பெரம்பலூர்ல இருந்து கொள்ளிடக்கரை வரைக்கும் தொண்ணூறு கிலோ ஆளைப் பின்னாடி ஏத்திக்கிட்டு ஸ்கூட்டி ஓட்டிப் பாருங்க, தெரியும். அரியலூரைத் தாண்டுறதுக்குள்ள சிமெண்ட் லாரிங்க அடிச்ச புழுதியில என் கறுப்பு சுடிதார் வேற கலருக்கு மாறிப்போச்சு. சார் என் முதுகுக்குப் பின்னாடியே ஒளிஞ்சு வந்ததால அவரு சட்டை மடிப்புகூடக் கலையல.

"யாராவது பொண்ணு பாக்க வர்றதாச் சொல்லியிருப்பாங்க சார்," னேன்.

"வாயை மூடிட்டு இங்க வா."

ஊர் ஊராச் சுத்துறதுக்குன்னே செஞ்ச பெரிய டூரிங் வண்டி. இப்ப முன்கம்பி வளைஞ்சு, பக்கவாட்டுப் பெட்டி நசுங்கிக் கிடந்துச்சு. ஹேண்டில்பாருக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. கறுப்பா, உசரமா நின்னுச்சு. அந்த ஹேண்டில்பார்தான் எங்க கேஸே.

லெப்பைக்குடிக்காடு அஸ்லாம் அண்ணன் துபாய்ல கிரேன் ஓட்டுறவரு. ஆறடிக்கு மேல வளத்தி. கிரேன் சீட்டுல உக்காந்து உக்காந்து முதுகு போயிடுச்சு. லீவுல வந்தவரு, குனியாம நிமிந்து உக்காந்து ஓட்டணும்னு ஆசைப்பட்டு நாலு இஞ்ச் உசந்த ஹேண்டில்பார் வாங்கி, அரியலூர்ல மரிய ஆல்பர்ட்ங்கிற மெக்கானிக்கிட்ட மாட்டக் குடுத்தாரு. மாட்டி வந்த வண்டியில மொத மொதல்ல ஏறுன அன்னைக்கே, திருமழபாடிக்குத் திரும்புற எடத்துல வண்டி தானாப் பாஞ்சு வாய்க்கால் மதகுல மோதிடுச்சு. வலது மணிக்கட்டு நொறுங்கிப்போச்சு. கிரேன்காரனுக்கு மணிக்கட்டு போனா அப்புறம் என்ன இருக்கு?

பழி ஆல்பர்ட் மேல விழுந்துச்சு. இன்னிக்கு சாயங்காலம் ஏட்டம்மா பூங்காவனம் லெப்பைக்குடிக்காட்டுக்குப் போய் அஸ்லாம் அண்ணன்கிட்ட புகார் எழுதி வாங்கப் போறாங்க. அதுல அவரு கைநாட்டு வச்சுட்டா ஆல்பர்ட்டை உள்ள தள்ளிடுவாங்க. ஒர்க்‌ஷாப்பையும் மூட வேண்டியதுதான். ஆல்பர்ட்டோட சம்சாரம் ஆனி ரோஸ் நேத்து எங்க ஆபீஸ் மாடிப்படியில ஏறி வந்து, "அவரு மேல தப்பில்லைங்க, அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க"ன்னு அழுதுட்டுப் போச்சு. ஆபீஸ்னா பெருசா நெனச்சுக்காதீங்க. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுகிட்ட ஜெராக்ஸ் கடைக்கு மேல ஒத்தை ரூம். சார் முன்னாடி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விபத்து விசாரிச்சவரு. இப்ப சொந்தமாத் துப்பறியறாரு. மிச்ச வேலை எல்லாத்துக்கும் நான்.

சார் காட்டுன எடத்தைக் குனிஞ்சு பாத்தேன். ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கிற போல்ட்டு, கிளட்ச் கேபிள் நட்டு, பிரேக் நட்டு, ஒவ்வொண்ணுலயும் ஊதா கலர்ல ஒரு சொட்டு. ஆக்ஸிலேட்டர் கேபிள் நட்டுல மட்டும் இல்ல.

"இதுக்கு மட்டும் பாலிஷ் பத்தல போல," னேன்.

சார் ஏட்டம்மா பூங்காவனத்துக்கிட்ட சாவி வாங்கி வண்டியை ஸ்டார்ட் பண்ணாரு. அடி வாங்குன வண்டின்னாலும் இன்ஜின் நல்லா மெதுவா ஓடுச்சு. ஹேண்டிலை வலது பக்கம் முழுசா ஒடிச்சாரு, ஒண்ணும் ஆகல. இடது பக்கம் ஒடிச்சாரு. யாருமே ஆக்ஸிலேட்டரைத் தொடல, இன்ஜின் உறுமுச்சு பாருங்க, எனக்கே ஒரு அடி பின்னாடி போகத் தோணுச்சு.

"ஹேண்டிலை நாலு இஞ்ச் உசத்துனா கேபிளையும் அந்தளவுக்கு நீளமா மாத்தணும்," னாரு சார். "பழைய கேபிளையே விட்டா, நேராப் போறவரைக்கும் ஒண்ணும் தெரியாது. முழுசா ஒடிக்கிறப்ப கேபிள் இழுபட்டு வண்டி தானா ரேஸ் ஆகும். அஸ்லாம் அந்த எடத்துல இடது பக்கம் ஒடிச்சிருக்காரு."

"கிளட்ச் கேபிள்?"

"அது நீளமானதுதான் இருக்கு."

"அப்ப ஒண்ணை மாத்திட்டு இன்னொண்ணை ஆல்பர்ட் மறந்துட்டாரு. கேஸ் முடிஞ்சுது. ஆனி ரோஸ் அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க, எனக்கு மனசு வராது."

எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் நிம்மதியாவும் இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன். குரும்பலூர் அருள்முருகன் எனக்கு அத்தை மகன், நிச்சயம் ஆனவரு. மாமான்னுதான் கூப்பிடுவேன். அஸ்லாம் அண்ணனுக்கு அவருதான் உயிர் சிநேகிதன். லெப்பைக்குடிக்காட்டுல அண்ணன் வூட்டுச் சந்து குறுகல்ங்கிறதால வண்டி ரெண்டு வருஷமா மாமா வூட்டுலதான் நின்னுச்சு. அன்னைக்கு ஒர்க்‌ஷாப்ல இருந்து வண்டியை எடுத்துட்டு வந்ததும் அவருதான். மறுநாள் ரெண்டு பேரும் ரெண்டு வண்டியில திருமழபாடிக்குக் கெளம்புனப்ப, முன்னாடி போய் வழி காட்டுனவரும் அவருதான். விழுந்த அண்ணனைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனவரும் அவருதான். ஆல்பர்ட்டை விடக்கூடாதுன்னு வாட்ஸப் குரூப் குரூப்பா ஏத்திக்கிட்டு இருந்தாரு. அவருக்கு எதிர்ப்பக்கம் நான் வேலை பாக்குறது எப்படி இருக்கும் சொல்லுங்க. நேத்தே சார்கிட்ட நான் வரலைன்னேன். "உனக்கு ரெண்டு பக்கமும் ஆள் தெரியும், வா"ன்னுட்டாரு.

மாமாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். கஞ்சம்னு ஊரு சொல்லும், நான் சிக்கனம்னு சொல்லுவேன். தீஞ்சுபோன ஸ்பார்க் பிளக்கைக்கூடத் தூக்கிப்போட மனசு வராது. ஒரு காண்ட்ராக்டர்கிட்ட கிரேன் ஓட்டுறாரு. வெளிநாடு போகணும்னு ஏழெட்டு வருஷமா அலையறாரு. அண்ணனோட வண்டியை ஒர்க்‌ஷாப்ல இருந்து கொண்டாந்து நிறுத்துன கையோட அன்னைக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணி, "விசா உறுதி புள்ள, மொத லீவுல வந்து தாலி கட்டுறேன், மோதிர அளவு அனுப்பு"ன்னாரு. நான் விரல்ல நூலைச் சுத்தி அளந்து அனுப்புனேன். மறுநாள் இப்படி ஆயிப்போச்சேன்னு அதைப் பத்தி அப்புறம் பேசவே இல்ல.

* * *

அரியலூர்ல ஆல்பர்ட் ஒர்க்‌ஷாப் ஒரு முட்டுச்சந்துல இருக்கு. வாசலுக்கு நேரா டிரான்ஸ்ஃபார்மர் கம்பம். எந்தப் புண்ணியவான் அங்க நட்டானோ தெரியல. ஷட்டர் பாதி எறங்கியிருந்துச்சு. வாட்ஸப் நல்லாவே வேலை செஞ்சிருக்கு, ஒரு வண்டி இல்ல உள்ள. ஆல்பர்ட் ஒரு பழைய டயர் மேல உக்காந்திருந்தாரு. கையில வேலை இல்லாத மெக்கானிக்கு எங்க பாக்குறதுன்னே தெரியாது போல, எங்களையும் பாக்கல.

"ரெண்டு கேபிளும் மாத்துனேன் சார்," னாரு. "பெங்களூர்ல சொல்லி வரவழைச்சது. மாட்டி, நட்டை டைட் பண்ணி, பொட்டு வச்சேன்."

"என்ன பொட்டு?" ன்னேன் நான்.

ஆனி ரோஸ் தன்னோட விரலை நீட்டிக் காட்டுச்சு. அழுது வீங்குன மூஞ்சியில கொஞ்சமா வெக்கம். நகமெல்லாம் ஊதா. "என்னோட பாலிஷ்தான். டைட் பண்ணுன ஒவ்வொரு நட்டுலயும் ஒரு சொட்டு வைப்பாரு. பின்னாடி யாராவது கழட்டுனா ஒடைஞ்சு தெரியும்ல. மாசத்துக்கு ஒரு பாட்டில் இவருக்கே போயிடும்."

"கழட்டுன பழைய சாமானை என்ன பண்ணுவீங்க?" சார் கேட்டாரு.

"கவர்ல போட்டு வண்டிக்காரர் கையில குடுத்துடணும் சார். இல்லேன்னா மாத்தாமயே மாத்துனேன்னு சொல்லிட்டான்னு பேசுவாங்க. நம்ம பக்கத்துல எல்லாக் கடையிலயும் அப்படித்தான். பழைய ஹேண்டில்பார், பழைய கேபிள் ரெண்டு, எல்லாத்தையும் குடுத்தேன்."

"யாருகிட்ட?"

"வண்டி எடுக்க வந்த தம்பிகிட்ட. அருள்முருகன்."

நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. சார் என் பக்கம் திரும்பவே இல்ல. நானும் டிரான்ஸ்ஃபார்மரை ரசிக்கிற மாதிரி வெளிய பாத்தேன்.

கெளம்புறப்ப அந்தக் கம்பம் என் உசுரை வாங்குச்சு. ஸ்கூட்டியை வாசல்ல இருந்து வெளிய எடுக்கணும்னா ஹேண்டிலை இடது பக்கம் கடைசிவரைக்கும் ஒடிச்சாகணும். ஒடிச்சு வெளிய வந்து நிக்கிறேன், சார் கடலை மிட்டாயை மென்னுக்கிட்டு, "திரும்ப உள்ள போய் இன்னொரு தடவை வா"ங்கிறாரு.

"சார், இது என்ன எட்டுப் போட்டு லைசன்ஸ் வாங்குற எடமா?"

"வா வேம்பு."

முணுமுணுத்துக்கிட்டே போயிட்டு வந்தேன். ஒடிக்காம வரலாமான்னு பாத்தேன், முடியல. சார் திருப்தியா பின்னாடி ஏறி உக்காந்தாரு. ஸ்கூட்டி ஒரு இஞ்ச் எறங்குச்சு.

* * *

லெப்பைக்குடிக்காட்டுக்குப் போய்ச் சேர்றப்ப மத்தியான வெயில் சாஞ்சிருந்துச்சு. மாமாவோட பைக் தெருமுனையில நின்னுச்சு. எனக்கு அதைப் பாத்ததுமே சோர்வெல்லாம் போயிடுச்சு, வெக்கமில்லாமச் சொல்றேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்," னாரு சார் வாசல்ல நின்னு.

"வ அலைக்கும் ஸலாம். வாங்க, உள்ள வாங்க." அஸ்லாம் அண்ணனோட சம்சாரம் மர்ஜியா கதவைத் திறந்துச்சு. கூடத்துல கட்டில்ல அண்ணன் மாவுக்கட்டோட சாஞ்சிருந்தாரு. பக்கத்துல மாமா. சாத்துக்குடியை உரிச்சு, கொட்டை எடுத்து, ஒவ்வொரு சுளையா அண்ணன் வாயில குடுத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு அதைப் பாக்கப் பெருமையா இருந்துச்சு.

"இது யாரு, எதிர்க்கட்சி வக்கீலா?" ன்னு மாமா என்னைப் பாத்துச் சிரிச்சாரு.

"டிரைவர் வேலைக்கு வந்தேன் மாமா. வக்கீல் பின்னாடி உக்காந்து வந்தாரு."

அண்ணன் சிரிக்கப் பாத்தாரு, வலியில பாதியிலயே நின்னுடுச்சு. சார் கட்டில் ஓரம் ஸ்டூலைப் போட்டு உக்காந்தாரு.

"அஸ்லாம், நேராவே கேக்குறேன். ஆல்பர்ட் பழைய சாமானைக் கவர்ல போட்டுக் குடுத்ததாச் சொல்றான். நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கலைங்க. மாப்ளதான் வாங்குனான்." அண்ணன் மாமா பக்கம் திரும்புனாரு. "என்னடா இருந்துச்சு அதுல?"

மாமா யோசிக்கவே இல்ல. "பழைய ஹேண்டில்பாரு, பழைய கிளட்ச் கேபிளு. அவ்வளவுதான். ஆக்ஸிலேட்டர் கேபிள் அதுல இல்ல. இல்லாதப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும் சார். மாத்தியிருந்தாத்தானே பழசு கவர்ல இருக்கும்? என் புத்திக்குத் தோணாமப் போச்சு. தோணியிருந்தா இன்னிக்கு இவன் கை..." மாமா கையில இருந்த சுளையை அப்படியே கீழ வச்சுட்டாரு.

போச்சு. ஆல்பர்ட் தன்னைக் காப்பாத்தும்னு நெனச்ச கவரே அவரைக் குழியில தள்ளிடுச்சு. நான் சாரைப் பாத்தேன். அவரு மூஞ்சி வாடியிருந்துச்சு. பாவம்னு தோணுச்சு எனக்கு.

"விடுங்க சார்," னாரு அண்ணன். "எனக்கு ஆல்பர்ட் மேல கோவம்கூட இல்ல. ஆனா இன்னொருத்தனுக்கு இப்படி ஆகக்கூடாது. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் ஏட்டம்மா வர்றாங்க. கைநாட்டு வச்சுட வேண்டியதுதான். என் பொழப்புதான் போச்சு, அந்த எடத்தையாவது வீணாக்க வேண்டாம்னு நேத்து கம்பெனிக்குப் பேசிட்டேன். என் எடத்துக்கு மாப்ளையை எடுத்துக்கச் சொல்லி, இவன் பேரைக் குடுத்தேன். நேத்துவரைக்கும் இவன்கிட்டகூடச் சொல்லல. இன்ஷா அல்லாஹ், இவனாவது போகட்டும்."

மாமா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. மர்ஜியா முந்தானையால கண்ணைத் துடைச்சுச்சு. எனக்கும் கண்ணு கலங்குச்சு. எப்படிப்பட்ட மனுசன்னு நெனச்சேன். அதுக்கு மேல அப்ப எதுவும் நெனக்கல.

சார் நெத்தியைத் தேச்சாரு. "வேம்பு, தலை சுத்துது. என் பிரஷர் மாத்திரை தீந்துபோச்சு. மெடிக்கல்ல ஒரு அட்டை வாங்கிட்டு வந்துடு. ஒரு தண்ணி பாட்டிலும்."

"ஸ்கூட்டியில பெட்ரோல் இல்லையே சார், நீங்க வந்த கனத்துக்கு."

"என்னோடதை எடுத்துட்டுப் போ புள்ள," ன்னு மாமா சாவியைத் தூக்கிப் போட்டாரு.

* * *

மெடிக்கல்ல மாத்திரை வாங்கி, பக்கத்துக் கடையில தண்ணி பாட்டில் வாங்கி, அதை வைக்கிறதுக்காக மாமா வண்டியோட பக்கவாட்டுப் பையைத் திறந்தேன். எல்லாம் அவரோட சொத்து. மூணு பழைய ஸ்பார்க் பிளக், ஒரு கட்டு ரப்பர் பேண்டு, கிழிஞ்ச கைலித் துணி. பாத்துச் சிரிச்சுட்டேன். பாட்டிலுக்கு எடம் பண்ண கைலியை நகத்துனேன். அடியில ஒரு மஞ்சப்பை, சுருட்டி வச்சிருந்துச்சு.

உள்ள கறுப்பா ஒரு கேபிள். சுருளைப் பிரிச்சுப் பிடிச்சா என் தோள் உசரத்துக்கு வந்துச்சு. ரெண்டு முனையிலயும் மாட்டுறதுக்கு இருக்கிற குண்டு அப்படியே இருந்துச்சு, ஒரு இழைகூட அறுந்திருக்கல. ஒரு முனைக்கிட்ட இருந்த நட்டுல ஊதாப் பொட்டு. நடுவுல ஒடைஞ்சிருந்துச்சு, ஸ்பானர் போட்டுத் திருப்புன மாதிரி.

கடைக்காரர் சில்லறையை நீட்டிக்கிட்டே நின்னாரு. நான் வாங்கல.

மொதல்ல மனசு அவருக்காகத்தான் ஓடுச்சு. வழியில எங்கயாவது கிடைச்சிருக்கும். ஆல்பர்ட்டே தனியாக் குடுத்திருப்பான். பாவம், மறந்துட்டாரு. இப்படி ஒவ்வொண்ணா எடுத்து எடுத்து வச்சுப் பாத்தேன், ஒண்ணும் நிக்கல. பொட்டு வச்ச கேபிள்னா அது வண்டியில மாட்டியிருந்த கேபிள். நல்ல பொருள், தூக்கிப்போட மனசு வரல, கைலித் துணிக்கு அடியில பத்திரப்படுத்திட்டாரு. ஆக்ஸிலேட்டர் கேபிள் கவர்ல இல்லைன்னு சத்தியம் பண்றவரோட பையில, அந்தப் பழைய கேபிளுக்குப் பதிலா மாட்டுன புதுசே இருக்கு.

அப்புறம்தான் அந்தப் போன் ஞாபகம் வந்துச்சு. விசா உறுதி புள்ள. அண்ணன் நல்லா இருந்த ராத்திரி அது. அண்ணன் நேத்துதான் இவரு பேரைக் கம்பெனிக்குக் குடுத்திருக்காரு. எடம் காலியாகும்னு இவருக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?

தெரியும். ஏன்னா காலி பண்ணப் போறவரே அவருதான். கேபிளை மாத்திட்டு, கை கழுவிட்டு, எனக்குப் போன் பண்ணி மோதிர அளவு கேட்டிருக்காரு. அந்த ராத்திரி நான் நாலு பேருக்குப் போன் போட்டுப் பெருமை அடிச்சேன். நெனச்சாலே உடம்பு கூசுச்சு. அழுகை வரல, கோவம் வந்துச்சு, அதைவிட அசிங்கமா இருந்துச்சு.

வெள்ளாத்துப் பாலம் பக்கத்துலதான். ஒரு வீசு வீசுனா முடிஞ்சுது. விசா கேள்வி கேக்குறதுக்கு என்னைத் தவிர யாரும் இல்ல. நான் வாயைத் திறக்காம இருந்தா அவரு துபாய் போவாரு, வருவாரு, வூடு கட்டுவாரு, அதுல நான் குடியிருப்பேன். ஆனி ரோஸ் ஜெயிலுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துட்டுப் போகும். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, பாலத்துக்குப் போகாம சந்துக்குள்ள திருப்புனேன்.

* * *

சார் மாத்திரையை வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. முழுங்கல. அப்பவே எனக்கு அவரு மேலயும் சந்தேகம் தட்டுச்சு. ஆனா மொதல்ல முடிக்க வேண்டியது வேற.

"மாமா, விசா உறுதின்னு எனக்குப் போன் பண்ணீங்கள்ல. அது என்னிக்கு?"

மாமா சிரிச்சாரு. "இப்ப எதுக்குப் புள்ள அது?"

"சும்மா சொல்லுங்க. அண்ணனும் கேக்கட்டும்."

"நேத்து நைட்டு..."

"இல்ல மாமா. ஆல்பர்ட் கடையில இருந்து வண்டியை எடுத்துட்டு வந்த ராத்திரி. என் போன்ல இருக்கு. காட்டவா?"

அஸ்லாம் அண்ணன் மெதுவா நிமிந்து உக்காந்தாரு. "நான் நேத்துதானே மாப்ள கம்பெனிக்குப் பேசுனேன்."

"அது வேற ஏஜெண்டு," னாரு மாமா. "இவ ஒண்ணு கெடக்கா, எதையோ எதோடயோ..."

நான் மஞ்சப்பையில இருந்து கேபிளை எடுத்து அண்ணனோட இடது கையில வச்சேன். "உங்க மாப்ளையோட பையில இருந்துச்சுண்ணே. வண்டியில எல்லா நட்டுலயும் இந்த ஊதாப் பொட்டு இருக்கு, ஆக்ஸிலேட்டர்ல மட்டும் இல்ல. ஆல்பர்ட் மாட்டுனாரு. இவரு கழட்டிட்டு, கவர்ல இருந்த பழசை மாட்டிட்டாரு. முழுசா ஒடிச்சுத் திருப்புற எடமாப் பாத்து உங்களைக் கூட்டிட்டுப் போயிருக்காரு."

அண்ணன் கேபிளையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கட்டை விரலால அந்தப் பொட்டைத் தடவுனாரு. மாமா எதையாவது சொல்லுவாருன்னு நாங்க எல்லாரும் காத்திருந்தோம், அண்ணன்தான் ரொம்பக் காத்திருந்தாரு.

"என்னைத் தூக்கிட்டு ஓடுனியேடா," ன்னாரு கடைசில. "ஆஸ்பத்திரி வாசல்ல நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதியேடா."

"அது நெசமாவே அழுதேன்டா." மாமா கட்டில் ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. "அவ்ளோ வேகமாப் பாயும்னு நெனக்கல. சும்மா விழுவ, லேசா அடிபடும், லீவு முடிஞ்சு போக முடியாமப் போகும், அந்த எடத்தை எனக்குக் கேப்பேன்னுதான். ரெண்டு வருஷமா உன் வண்டியைத் தொடச்சுத் தொடச்சு வச்சேன். ஒரு விசாவுக்கு எத்தனை தடவை கேட்டேன்? பாக்கலாம் பாக்கலாம்னியே தவிர..."

"நோன்புக் கஞ்சி காய்ச்சுனா உங்களுக்கு எடுத்து வச்சுட்டுத்தானேங்க நாங்க நோன்பைத் தொறப்போம்," னுச்சு மர்ஜியா. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிச்சு.

மாமா என் பக்கம் திரும்புனாரு. "உனக்காகத்தான் புள்ள. உன்னை வாடகை வூட்டுல வைக்கக்கூடாதுன்னுதான்."

"எம்பேரை இதுல இழுக்காதீங்க," ன்னேன். "ஒருத்தர் கையை ஒடிச்சு எனக்கு வூடு கட்டச் சொல்லி நான் கேக்கல."

நான் வாசலுக்கு வந்துட்டேன். சாரும் பின்னாடியே வந்தாரு.

"ஆல்பர்ட் கடை வாசல்ல உன்னை ரெண்டு தடவை திருப்பச் சொன்னேன்ல," ன்னாரு. "இடது பக்கம் முழுசா ஒடிக்காம அங்க இருந்து எந்த வண்டியும் வெளிய வராது. சின்னக் கேபிளோட எடுத்திருந்தா, அன்னைக்கு அந்தத் தம்பி நேரா டிரான்ஸ்ஃபார்மர்ல போய்த்தான் நின்னிருக்கணும். அவரு சொகமா ஓட்டிட்டுப் போயிருக்காரு. அப்பக் கேபிள் மாறுனது குரும்பலூர்ல."

"அப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். விசா விஷயம் தெரியாது."

"தெரிஞ்சுக்கிட்டே என்னை அந்தப் பையைத் திறக்க அனுப்புனீங்க."

"எதையும் தூக்கிப்போடாதவன் பையிலதான் அது இருக்கும், உன் ஸ்கூட்டியில பெட்ரோல் இல்லைன்னா அவன் வண்டியைத்தான் குடுப்பான்னு கணக்குப் போட்டேன். நான் திறந்தா நானே வச்சேன்னு சொல்லுவான். நீ எடுத்தா அவனால சொல்ல முடியாது."

"நான் வெள்ளாத்துல வீசியிருந்தா?"

சார் தரையைப் பாத்தாரு. "வீசமாட்டேன்னு நம்புனேன்."

"நம்புறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார். உள்ள இருக்கிறவரு அண்ணனைக் கேக்கல, நீங்க என்னைக் கேக்கல. திரும்பப் போறப்ப நீங்க பஸ்ல வாங்க."

சொல்லிட்டு நான் திரும்பக் கூடத்துக்குள்ள போயிட்டேன்.

ஏட்டம்மா பூங்காவனம் வந்து கூடத்துல சேரைப் போட்டு உக்காந்து, பேப்பரையும் மைப்பெட்டியையும் எடுத்து வச்சாங்க. மாமா செவுத்தோரமா உக்காந்திருந்தாரு. ஓடல. ஓடுனா எங்க போவாரு?

"சொல்லுங்க தம்பி," னாங்க. "புகார் மெக்கானிக்கு மேலதானே?"

அஸ்லாம் அண்ணன் இல்லைன்னு தலையாட்டுனாரு. யாரு மேலன்னு கேட்டாங்க. அண்ணன் வாயைத் திறந்தாரு, செவுத்தோரம் பாத்தாரு, பேரு வரல. இன்னொரு தடவை திறந்தாரு. கண்ணுல தண்ணி கொட்டுச்சே தவிர ஒரு வார்த்தை வரல. சின்ன வயசுல இருந்து கூப்பிட்ட பேரு, அதைப் போய்ப் புகார்ல எப்படிச் சொல்லுவாரு.

நான் ஸ்டூலை இழுத்து ஏட்டம்மாவுக்கு எதுத்தாப்புல போட்டு உக்காந்தேன். "மொதல்ல என்னோட வாக்குமூலத்தை எழுதிக்குங்க. ஆல்பர்ட் மேல ஒரு தப்பும் இல்லைன்னு ஆரம்பிங்க."

எம்பேரு கேட்டாங்க, அப்பா பேரு கேட்டாங்க, ஊரு கேட்டாங்க. சொன்னேன். கேபிளைப் பத்திச் சொன்னேன், போனைப் பத்திச் சொன்னேன். எல்லாத்தையும் எழுதிட்டு நிமிந்தாங்க.

"இந்த அருள்முருகன் உங்களுக்கு என்ன வேணும்?"

செவுத்தோரத்துல இருந்து அவரு தலையை நிமித்தி என்னைப் பாத்தாரு. நானும் அவரைப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன்.

"அத்தை மகன். இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் கட்டிக்கப் போறவரு. அப்படியே எழுதுங்க."